குயில் முட்டையும் கணிப்பொறிக் கள்வனும்

1. தோற்றுவாய்

துப்பறியும் கதை தமிழுக்குப் புதிய துறையன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் இத்துறையில் நூல்கள் பலவற்றை இயற்றி, உரைநடை படிக்கும் வழக்கத்தை மக்களிடையே பரப்பினர். எனினும், புலவர் உலகம் அவற்றைப் பொழுதுபோக்கு நூல்கள் என ஒதுக்கியதேயன்றி, ஆராய்ச்சிக்கு உரியனவாகக் கருதியது அரிது. ஒரு காலத்தார் எதனை நம்பி வாழ்ந்தனர், எதற்கு அஞ்சினர், அந்நம்பிக்கை எவ்வாறு தகர்ந்தது என்பவற்றைக் குற்றம் பற்றிய நூல்கள் பிற நூல்களினும் தெளிவுறக் காட்டும். ஆதலின் அவ்வொதுக்கம் பொருந்துவதன்று என்பது நம் கருத்து.

கணிப்பொறிவழிக் களவையும் இணையவழி வஞ்சனையையும் பொருளாகக் கொண்ட நூல்கள் மேனாட்டு மொழிகளில் இன்று மிகப் பலவாக உள்ளன. அவற்றுள் முன்னோடியாக வைத்து எண்ணத்தக்க ஒன்றனை ஈண்டு ஆராய்வாம். அது, கிளிஃபர்டு ஸ்டோல் என்னும் அமெரிக்க வானியலறிஞர் எழுதி 1989-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி குக்கூஸ் எக்’ என்பது. தமிழில் ‘குயில் முட்டை’ எனலாம். இது கற்பனைக் கதையன்று. ஆசிரியர் தம் வாழ்வில் நிகழ்ந்தவற்றையே கூறுகின்றார். ஆயினும் சிறு தடயம், நெடுந்தேடல், இடையூறு, பொறிவைத்தல், பிடிபடுதல் என்னும் துப்பறியும் புதினத்தின் உறுப்புக்கள் அனைத்தும் இதன்கண் குறைவற அமைந்துள்ளன.

கள்வன் யாவன் என்பதை அறியும் ஆவலே படிப்போரை முதலில் ஈர்ப்பது. எனினும் நூலின் உயிர்நிலை பிறிதோரிடத்தில் உள்ளது. ஒருவரையொருவர் நம்பி வாழ்ந்த அறிஞர் கூட்டம் ஒன்று, அந்நம்பிக்கை தாக்குண்டபோது என் செய்தது என்பதே அது. இதனை நிறுவுதற்குரிய சான்றுகளை நூலினின்றும், அதனோடு தொடர்புடைய வரலாற்று நிகழ்ச்சிகளினின்றும் முறையே காண்பாம்.

2. ஒரு சொல்லின் வரலாறு

பிறர் கணிப்பொறியுள் இசைவின்றிப் புகுவோனை ஆங்கிலத்தில் ‘ஹேக்கர்’ என்பர். இச்சொல் தொடக்கத்தில் இப்பொருள் உடையதன்று. 1960-களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து மாணவரிடையே, பொறியின் நுட்பங்களை ஆழக் கற்று அதனைக் கொண்டு அரியன செய்து காட்டும் வல்லுநரை இது குறித்தது. பாராட்டுச் சொல்லாகவே வழங்கியது. 1980-களில் செய்தித்தாள்கள் வாயிலாகக் கள்வன் என்னும் பொருள் பெற்றது. நறுமணத்தைக் குறித்த ‘நாற்றம்’ என்னும் சொல் பிற்காலத்தே தீநாற்றத்தைக் குறிக்க இழிந்தமை போல்வது இது.

தமிழில் இதற்குக் ‘கொந்தர்’ என்னும் சொல்லைச் சிலர் ஆள்கின்றனர். கொந்துதல் என்பது குத்துதல், கொத்துதல் என்னும் பொருள்களையுடைய பழஞ்சொல். இக்கட்டுரையில் யாமும் அதனையே மேற்கொள்கின்றோம். ஒரு தொழிலின் பெயர் பாராட்டினின்று இகழ்ச்சிக்கு இறங்குங்கால், அத்தொழிலைச் சுற்றியிருந்த சமுதாயத்தின் மனநிலையும் மாறியிருத்தல் வேண்டும். அம்மாற்றம் நிகழ்ந்த காலத்தின் சான்றாக நிற்பது இந்நூல்.

3. நூற்பொருட் சுருக்கம்

கலிபோர்னியாவில் பெர்க்கிலி நகரில் லாரன்ஸ் ஆய்வுக்கூடம் உள்ளது. ஆங்கு வானியல் ஆராய்ச்சி செய்துவந்த ஸ்டோல், ஆராய்ச்சிக்குரிய நல்கை தீர்ந்தமையால் அவ்வாய்வுக்கூடத்தின் கணிப்பொறிப் பகுதிக்கு மாற்றப்பட்டார். 1986 ஆகஸ்டு மாதத்தில், கணிப்பொறியைப் பயன்படுத்துவோரிடம் தண்டும் கட்டணக் கணக்கில் 75 சென்ட் குறைகின்றது, காரணம் காண்க என்று அவரைப் பணித்தனர். யாரோ ஒருவர் ஒன்பது விநாடி நேரம் பொறியைப் பயன்படுத்திக் கட்டணம் செலுத்தாது விட்டிருந்தார் என்பது புலனாயிற்று. அப்பயனரின் பெயர் ‘ஹண்டர்’ என்றிருந்தது. வேட்டுவன் என்பது அதன் பொருள். அப்பெயருடையார் எவரும் ஆய்வுக்கூடத்தில் இலர்.

அப்பெயரை ஸ்டோல் நீக்கினார். சின்னாளில் வேறொரு பெயரில் அதே புகல் நிகழ்ந்தது. தாழிட்டுத் தடுப்பதை விடுத்து, வந்தவன் யாவன் என்று அறிய அவர் துணிந்தார். ஒரு வாரக் கடைசியில் உடன்பணியாளர் மேசைகளிலிருந்து ஏறத்தாழ ஐம்பது முனையங்களையும் அச்சிடும் கருவிகளையும் இரவல் கொண்டுவந்து, வெளியிலிருந்து வரும் இணைப்புக்கள் அனைத்திலும் பொருத்தினார். அவற்றினருகே தரையில் படுத்துறங்கினார். கொந்தன் தட்டிய ஒவ்வோரெழுத்தும் தாளில் பதிவாயிற்று. அன்றுமுதல் ஏறத்தாழ ஓராண்டு இத்தேடல் நீண்டது.

கொந்தன் தேடியவை பெரும்பாலும் இராணுவக் கணிப்பொறிகள். ஏறத்தாழ 450 பொறிகளை அவன் முயன்று பார்த்து, முப்பதுக்கும் மேற்பட்டவற்றுள் புகுந்தான் என்பது ஸ்டோல் 1988-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையால் அறியப்படும். வழியோ மிக நீண்டது. பெர்க்கிலிக்கு வந்த இணைப்பைத் தொடர்ந்தபோது அது வர்ஜீனியா மாநிலத்து மெக்லீன் நகரிலிருந்த ஒரு பாதுகாப்புத்துறை ஒப்பந்த நிறுவனத்தை அடைந்தது. பின்னர்ச் செயற்கைக்கோள் வழியே கடல் கடந்து மேற்கு ஜெர்மனிக்குச் சென்றது. பிரேமன் பல்கலைக்கழகத்தைத் தொட்டு, முடிவில் ஹனோவர் நகரத் தொலைபேசி ஒன்றில் நின்றது. மார்க்குஸ் ஹெஸ் என்பவன் அங்கிருந்து புகுந்தவன். அவனும் அவன் கூட்டாளிகளும் எடுத்த செய்திகள் சோவியத் உளவுத்துறைக்கு விற்கப்பட்டன என்பது பின்னர் வெளிப்பட்டது.

அமெரிக்க அரசின் துறைகள் இதனை எவ்வாறு ஏற்றன என்பது நூலின் ஒரு பெரும் பகுதி. நடுவண் புலனாய்வுத் துறையினர், இழப்பு 75 சென்ட் தானே என்று தொடக்கத்தில் புறக்கணித்தனர். பிற துறையினர் செய்தி கேட்டனர். உதவி செய்வார் அரியராயினர். ஆகவே, துப்பறிதற்கென அமர்த்தப்படாத ஒரு வானியலறிஞரே இதனைத் தொடர்ந்து செய்ய நேர்ந்தது. வானியலார் தொலைநோக்கியின் முன்னமர்ந்து கண்டதைக் குறிப்பேட்டில் உடனுக்குடன் எழுதுதல் போல இவரும் நாள், நேரம் பிழையாது எழுதிவந்தார். பின்னர் வழக்கு மன்றத்தில் பயன்பட்ட சான்றுகளுள் இக்குறிப்பேடும் அச்சுத்தாள்களும் தலையாயவை.

4. தலைப்பும் இடைச்செருகலும்

குயில் தன் முட்டையைக் காக்கைக் கூட்டில் இடும் என்பதும், காக்கை அதனைத் தன் முட்டையெனக் கருதி அடைகாத்துக் குஞ்சு பொரிக்கும் என்பதும் நம் நாட்டார் நன்கறிந்தவை. மேனாட்டுக் குக்கூப் பறவை நம் குயிலின் இனத்தோடு உறவுடையது. அது காக்கையை விடுத்துத் தன்னினும் மிகச் சிறிய பறவைகளின் கூட்டில் முட்டையிடும். பறவை வேறுபடினும் வஞ்சனை ஒன்றே.

கணிப்பொறியில் இது நிகழ்ந்த முறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். அப்பொறியில் ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை தானே இயங்கி, ஏவப்பட்ட பணிகளைச் செய்து முடிக்கும் நிரல் ஒன்று இருந்தது. பொறியின் தலைமை உரிமை முழுதும் அதற்கு உண்டு. அதனை மாற்றுதல் தலைமைப் பயனர்க்கன்றிப் பிறர்க்கு இயலாது. ஆயினும், எழுத்துக்களைத் திருத்துதற்குப் பயன்பட்ட ‘ஈமாக்ஸ்’ என்னும் நிரலில், கடிதங்களை ஓரிடத்தினின்று பிறிதோரிடத்திற்குப் பெயர்க்கும் வசதி இருந்தது. அவ்வசதி, பெயர்க்கப்படுவது கடிதந்தானா, சேர்க்கப்படும் இடம் அதற்கு உரியதுதானா என்று பாராது பெயர்த்தது. கொந்தன் தானெழுதிய நிரலுக்கு அக்காவல் நிரலின் பெயரையே இட்டு, அதனைக் கடிதம் போலப் பெயர்த்து, மெய்நிரல் இருந்த இடத்தில் வைத்தான். ஐந்து நிமிடத்திற்குள் பொறி அதனைத் தன்னுடையதென்று கருதி இயக்கிற்று. கொந்தன் தலைமை உரிமை பெற்றான். உடனே பொய்நிரலை நீக்கி மெய்நிரலைப் பழைய இடத்தில் வைத்துவிட்டான். கூட்டில் முட்டை இருந்த அடையாளமும் மறைந்தது.

சுவடிகளை ஆராய்வார்க்கு இதனின் எளிய விளக்கம் ஒன்று உண்டு. இஃது இடைச்செருகல். மூலத்தின் நடையைப் போர்த்துக்கொண்டு, மூலத்தின் இடையே புகுந்து, மூலத்திற்குரிய மதிப்பைத் தானும் பெறுவது இடைச்செருகலின் இயல்பு. ஏடெழுதுவோன் கண்டதையெல்லாம் ஐயுறாது படியெடுத்தல் போலக் கணிப்பொறியும் பெயர் பொருந்திற்றேல் ஐயுறாது ஏற்கின்றது. ஏட்டில் செருகப்பட்ட பாட்டு படிப்போர் கருத்தை மயக்கும். பொறியில் செருகப்பட்ட வரியோ உடனே செயலாகிவிடும். இவ்வேறுபாடு ஒன்றே இக்களவின் தீமையைப் பன்மடங்காக்குகின்றது.

5. சொல்லே தடயம்

களவு நிகழ்ந்த காலம் முழுதும் துப்பறிந்தவரும் கள்வனும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டாரல்லர், குரலும் கேட்டாரல்லர். காலடித் தடமும் கைவிரல் தடமும் இல்லாத இவ்விடத்தில், எஞ்சியது எழுத்து ஒன்றே. ஆகவே ஸ்டோலின் துப்பறிதல் பெரும்பாலும் நம்மனோர் செய்யும் சொல்லாராய்ச்சியாகவே அமைந்துவிட்டது. இரண்டு எடுத்துக்காட்டுக்கள் தருவாம்.

முதலாவது வழக்கு வேறுபாடு. கொந்தன் பிற்பாடு பயன்படுத்திய பெயர், ஆய்வுக்கூடத்தில் முன்பு பணியாற்றி அப்போது இங்கிலாந்தில் தங்கியிருந்த ஒரு வல்லுநருடையது. அவர்தாம் கடல்கடந்து இணைப்புப் பெற்றாரோ என்று ஐயுற இடமிருந்தது. ஆனால் அப்பெயரில் வந்தவன், பொறியில் இயங்கும் பணிகளைப் பட்டியலிடுமாறு ஆணை தட்டியபோது ‘எஃப்’ என்னும் ஓரெழுத்தைக் கூட்டித் தட்டினான். பெர்க்கிலியில் உருவான யூனிக்ஸ் முறையில் அவ்வெழுத்து வேண்டப்படுவதன்று, ஏ.டி. அண்டு டி. நிறுவனத்து யூனிக்ஸ் முறையில் பழகியவர்களே அதனைத் தட்டுவர். பெர்க்கிலியில் பயின்ற வல்லுநர் ஒருவர் கைப்பழக்கமாகவேனும் அவ்வாறு செய்யார் என்று உடன்பணியாளர் ஒருவர் சுட்டினார். ஓரெழுத்தினால் பெயர் பொய்யென்பதும், வந்தவன் அவ்வட்டாரத்தான் அல்லன் என்பதும் தெளிந்தன. ஒரு விகுதியைக் கொண்டோ வட்டார வழக்கைக் கொண்டோ ஒரு நூற்பகுதி பிற்காலத்ததெனத் துணிதற்கும் இதற்கும் முறையில் வேறுபாடு யாதும் இன்று.

இரண்டாவது சொற்பொருள். கொந்தன் தான் படைத்துக்கொண்ட பெயர்களாகவும் கடவுச்சொற்களாகவும் நான்கு சொற்களை மீண்டும் மீண்டும் ஆண்டான்: ஹண்டர், யேகர், பென்சன், ஹெட்ஜஸ். பின்னிரண்டும் சேர்ந்து புகழ்பெற்ற ஒரு வெண்சுருட்டு வகையின் பெயராகும். அதனால் அவன் புகைப்பழக்கம் உடையவனாதல் கூடும் எனக் கருதினர். யேகர் என்பது பிற கடற்பறவைகளின் இரையைப் பறித்துண்ணும் ஒரு பறவைக்கும் பெயர். ஜெர்மன் மொழியில் அதற்கு வேட்டுவன் என்பது பொருள். ஹண்டர் என்பதும் அதுவே. ஒரே பொருளை இருமொழியில் கூறிய அவன் எம்மொழியைத் தாய்மொழியாக உடையவன் என்பதற்கு இது குறிப்பாக அமைந்தது. தொலைபேசி வழியைத் தேடுவோர் கடல் கடந்து ஹனோவரை அடையுமுன்னரே சொல் அத்திசையைக் காட்டிற்று எனலாம்.

தன்னை மறைக்க விரும்புவோன் பெயரை மாற்றலாம்; பழகிய சொல்லை மாற்றுதல் எளிதன்று. மறைவாக எழுதும்போதும் மனிதன் தன் மொழியையே எழுதுகின்றான். இணையவழி வஞ்சனைகளை ஆராயும் இக்காலத்தாரும் இவ்வுண்மையைப் பெரிதும் பயன்கொள்கின்றனர்.

6. அகராதி என்னும் கருவி

கொந்தன் பல பொறிகளுள் புகுந்தமைக்கு அரிய அறிவு காரணமன்று, பொறுமையே காரணம். பொறியை விற்பவர்கள் அதனை நிறுவுங்கால் சில பெயர்களையும் கடவுச்சொற்களையும் முன்னரே அமைத்துத் தருவர். அவற்றை மாற்றுதல் உரிமையாளர் கடன். பலர் மாற்றாது விட்டனர். விருந்தினர் என்னும் பெயருக்கு விருந்தினர் என்பதே கடவுச்சொல்லாக இருந்த இடங்களும் உண்டு. வீதியிலுள்ள கதவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துச் செல்வான் போல அவன் சென்றான். சில கதவுகள் திறந்தே இருந்தன.

இன்னுமொன்று கருதத்தக்கது. கடவுச்சொற்கள் பொறியினுள் மறைகுறியாக மாற்றி வைக்கப்பட்டிருக்கும். அம்மறைகுறியிலிருந்து மூலச்சொல்லை மீட்டல் இயலாது. ஆயினும் கொந்தன் அம்மறைகுறிப் பட்டியல்களை முழுமையாகப் படியெடுத்துச் சென்றான். சின்னாள் கழித்து அப்பயனர்களின் கடவுச்சொற்களைக் கொண்டே நேரே புகுந்தான். புகப் பயன்பட்ட சொற்கள் யாவும் ஆங்கில அகராதியில் உள்ளவை என்பதை ஸ்டோல் கண்டார். அகராதியிலுள்ள சொற்களை ஒவ்வொன்றாக அதே முறையில் மறைகுறியாக்கிப் பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்தியதை எடுத்துக்கொண்டான் என்பது விளங்கிற்று. பூட்டை உடைத்தானல்லன்; ஒத்த சாவியைத் தேடியெடுத்தான்.

ஒரு மொழியார் தம் சொற்செல்வத்தைத் தொகுத்து வைத்த அகராதியே கள்வன் கையில் திறவுகோல் ஆயிற்று என்பது நம்போல்வார் நெஞ்சைத் தொடும் செய்தி. மனிதன் மறைபொருளாக வைத்துக்கொள்ளும் சொல்லும் பெரும்பாலும் எல்லார்க்கும் பொதுவான சொல்லே என்பது இதனாற் போதரும்.

7. வலை விரித்தல்

ஹனோவர் நகரத்துத் தொலைபேசி இணைப்பகம் பழைய முறையில் இயங்கியது. அழைப்பு எவ்வீட்டிலிருந்து வருகின்றது என்றறிய, ஒருவர் நேரிற் சென்று கம்பி கம்பியாகப் பார்த்து வருதல் வேண்டும்; அதற்கு நெடுநேரம் ஆகும். கொந்தனோ சில நிமிடமே தங்குவான். அவனை நீண்டநேரம் நிறுத்தி வைப்பது எங்ஙனம்?

ஸ்டோலுடன் வாழ்ந்த சட்டமாணவி ஒரு வழி கூறினார். கொந்தன் விரும்புவது இராணுவச் செய்தி. அதனையே ஆக்கித் தருவோம் என்றார். 1987 ஜனவரியில், அமெரிக்காவின் விண்வெளிப் பாதுகாப்புத் திட்டத்தைப் பற்றியன போலத் தோன்றும் கடிதங்களும் அறிக்கைகளும் பலவாகப் புனையப்பட்டன. இல்லாத அலுவலகம் ஒன்றும், அதற்கு இல்லாத செயலாளர் ஒருவரும் படைக்கப்பட்டனர். மேலும் செய்தி வேண்டுவோர் அஞ்சலில் எழுதிக் கேட்கலாம் என்று ஒரு கடிதமும் சேர்க்கப்பட்டது. கொந்தன் இவற்றைக் கண்டு ஒரு மணி நேரத்திற்கும் மேலாகத் தங்கிப் படித்தான், தொலைபேசி தடங்காணப்பட்டது. சில திங்கள் கழித்து, பிட்சுபர்க் நகரிலிருந்து ஒருவர் அப்பொய்யறிக்கைகளைக் கேட்டு அஞ்சல் எழுதினார். அவ்வறிக்கைகள் இருப்பதையே கள்வனன்றிப் பிறர் அறிதற்கு வழியில்லை. களவுபோன செய்தி மூன்றாமவர் கைக்குச் செல்கின்றது என்பதற்கு அக்கடிதம் சான்றாயிற்று.

இவ்விடத்தில் நூல் ஓர் அறச்சிக்கலை எழுப்புகின்றது. போலிநூல் புனைவோரைக் கடிதல் ஆராய்ச்சியாளர் கடன். ஈண்டு ஆராய்ச்சியாளரே போலிநூல் புனைகின்றார். இது தகுமா? திருக்குறள் ஒற்றாடலை அரசியலின்கண் வைத்துக் கூறும். அது வேந்தற்குரிய தொழில். ஸ்டோல் வேந்தனுமல்லர், வேந்தனால் ஏவப்பட்ட ஒற்றருமல்லர். குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்ம்மையும் வாய்மையின்பாற்படும் என்று வள்ளுவர் வகுத்த நெறியைக் கொண்டு இதனை அளந்து பார்ப்போம். அப்பொய்யறிக்கைகளைத் தலைமைப் பயனரன்றிப் பிறர் திறத்தல் இயலாது. ஆகவே களவு செய்யாத எவரும் அவற்றால் ஏமாறுதற்கு இடமில்லை. இவ்வளவில் அப்பொய் குற்றமற்றதே.

ஆனால் அதனின் பெரியதொரு வினா எஞ்சி நிற்கின்றது. கள்வனைப் பிடித்தற்பொருட்டு அவனுக்குக் கதவைத் திறந்தே வைத்திருந்தார் ஸ்டோல். அக்கதவின் வழியே கொந்தன் பிறர் பொறிகளுள் புகுந்தான். தீங்கு நேரும் நிலையில் ஸ்டோல் தம் சாவிக்கொத்தை இணைப்புக்கம்பியில் உரசி, இரைச்சலால் இணைப்புக் கெட்டது போலக் காட்டி அவனைத் தடுத்தார்; தாக்கப்பட்ட இடத்தார்க்குத் தொலைபேசியில் அறிவித்தார். எனினும், பிறர் வீட்டில் களவு நடக்கப் பார்த்திருக்கும் உரிமை அவருக்கு எங்கிருந்து வந்தது? நூலில் இவ்வினா மறைக்கப்படவில்லை. அரசியலில் இடதுசாரிச் சார்புடைய நண்பரிடையே வாழ்ந்த ஸ்டோல், உளவுத்துறையினரோடு பேசப் பேசத் தாம் யார்பக்கம் நிற்கின்றோம் என்று தடுமாறுகின்றார். அத்தடுமாற்றமே இந்நூலை ஏனைத் துப்பறியும் நூல்களினின்று வேறுபடுத்துகின்றது.

8. மறுபக்கம்

கொந்தர் குழுவினர் 1989 மார்ச்சுத் திங்களில் கைது செய்யப்பட்டனர். 1990 பிப்ரவரியில் ஜெர்மனியின் ட்செல்லே நகர நீதிமன்றம் ஹெஸ் உள்ளிட்ட மூவரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது; தண்டனை நிறைவேற்றம் நிறுத்தி வைக்கப்பட்டமையால் அவர்கள் சிறை செல்லவில்லை. இத்தீர்ப்பு நூல் வெளிவந்த பின்னர் நிகழ்ந்தது.

அக்குழுவோடு தொடர்புடைய கார்ல் கோக் என்னும் இளைஞரின் கதை துயரம் மிக்கது. அவர் முன்னரே அதிகாரிகளிடம் உண்மையைக் கூறியவர். 1989 மே மாதத்தில் காணாமற்போய், பின்னர்க் காட்டில் எரிந்த நிலையில் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார். அப்போது அகவை இருபத்து மூன்று. அவர் வாழ்வைப் பொருளாகக் கொண்டு ஹன்ஸ் கிறிஸ்டியன் ஷ்மிட் 1998-இல் ‘23’ என்னும் ஜெர்மன் திரைப்படத்தை இயக்கினார். ஸ்டோலின் நூலில் கொந்தன், தாளில் தட்டப்படும் எழுத்துக்கள் மட்டுமே, முகமற்றவன். திரைப்படத்திலோ தந்தையை இழந்து, போதைப்பொருளுக்கு அடிமைப்பட்டு, உலகை ஆட்டிவைக்கும் மறைகுழு ஒன்று உண்டென்று அஞ்சி, அச்சத்தாலே சிதைந்த இளைஞன் ஒருவன் நம் கண்முன் நிற்கின்றான். இரண்டையும் ஒருங்கு நோக்குவார்க்கே நிகழ்ச்சி முழுமையாகப் புலப்படும். எழுத்தைக் கொண்டு ஒருவன் இருக்கும் இடத்தைக் கண்டறிதல் கூடும். அவன் நெஞ்சின் நிலையைக் கண்டறிதல் அத்துணை எளிதன்று. சொல்லாராய்ச்சியின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே உணர்த்தும் எடுத்துக்காட்டு இது.

9. தந்தையும் மகனும்

நூலின் இறுதியில் வேறொரு நிகழ்ச்சி இணைக்கப்பட்டுள்ளது. 1988 நவம்பர் 2-ஆம் நாள், தன்னைத் தானே படியெடுத்துக்கொண்டு பொறிக்குப் பொறி தாவும் நிரல் ஒன்று அமெரிக்க வலைப்பின்னலில் பரவி, ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளைச் செயலிழக்கச் செய்தது. அதனை எழுதியவர் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டப்பன் மாரிஸ். அவர் தந்தையாராகிய ராபர்ட் மாரிஸ், அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் கணிப்பொறிக் காப்பு மையத்தில் தலைமை அறிவியலாளர்; கொந்தனைத் தேடிய காலத்தில் ஸ்டோல் சென்று கண்ட அறிஞர்களுள் ஒருவர்.

தந்தையார் 1979-இல் கென் தாம்சன் என்பாருடன் சேர்ந்து கடவுச்சொற் காப்பினைப் பற்றிய கட்டுரை ஒன்று வெளியிட்டார். மக்கள் எளிதில் ஊகிக்கத்தக்க சொற்களையே கடவுச்சொற்களாகக் கொள்கின்றனர் என்பது அதன்கண் காட்டப்பட்டது. மகனார் எழுதிய நிரல் பரவிய வழிகளுள் கடவுச்சொல்லை ஊகித்தல் ஒன்று. ஒரு பொறி மற்றொன்றை நம்பத்தக்கதெனக் குறித்து வைத்திருந்தால் கடவுச்சொல் கேளாமலே உள்ளே விடும் வழக்கம் மற்றொன்று. அறிஞர்கள் தம்முள் கொண்ட நம்பிக்கையே தீமை பரவும் பாதையாயிற்று. 1990-இல் மாணவருக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூகப் பணியும், 10,050 டாலர் தண்டமும் விதிக்கப்பட்டன. இந்நிகழ்ச்சிக்குப் பின்னரே கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி இடர்களைக் கவனிக்கும் குழு நிறுவப்பட்டது.

ஹனோவர்க் கொந்தன் பணத்திற்காகப் புகுந்தான். மாரிஸ் பணம் கருதினாரல்லர். நோக்கம் வேறாயினும் விளைவு ஒன்றே. ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் தன் கதவை அடைக்கலாயிற்று. முன்பு அயலார்க்கெனத் திறந்து வைத்திருந்த விருந்தினர் பெயர்கள் நீக்கப்பட்டன. ஸ்டோல் பெரிதும் வருந்துவது இதற்கே. ஒருவன் களவு செய்த 75 சென்ட்டை எளிதில் ஈடுசெய்யலாம். அயலானை நம்பும் பழக்கம் ஒருமுறை போயிற்றேல் மீண்டும் வருதல் அரிது.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று கருத்துக்கள் பெறப்படும். கணிப்பொறிக் களவு, போலியை மெய்யென ஏற்கச் செய்யும் வகையில் இடைச்செருகலை ஒத்தது. அதனைக் கண்டறியும் முறை, வழக்கும் சொல்லும் நோக்கும் வகையில் மூலபாட ஆராய்ச்சியை ஒத்தது. இவ்விரண்டிற்கும் அடிப்படையாய் நிற்பது நம்பிக்கை. அதுவே இந்நூலில் உண்மையாகக் களவுபோன பொருள்.

இக்காலத்தில் வங்கியின் பெயராலும் அரசின் பெயராலும் வரும் பொய்மடல்கள் எளிய மக்களின் பொருளைக் கவர்கின்றன. தூண்டிலிடுதல் என்று பொருள்படும் பெயர் 1990-களிலேயே அவற்றிற்கு வழங்கலாயிற்று. ஸ்டோல் கள்வனுக்கு இட்ட தூண்டிலையே இன்று கள்வர் மக்களுக்கு இடுகின்றனர். கருவி ஒன்றாயினும், அவர் இட்டது களவு செய்வோனுக்கு மட்டுமே எட்டும் இடத்தில். இவர் இடுவது நம்பி வாழ்வோர் அனைவர் வாயிலிலும்.

தமிழாய்வாளர்க்கும் இதில் பங்கில்லாமல் இல்லை. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பால் தமிழ் நூல்களை மின்வடிவில் யாவர்க்கும் இலவசமாக வழங்கி வருகின்றது. யாரோ ஒருவர் தட்டச்சிட்டு, யாரோ ஒருவர் பிழைதிருத்திய நூலை நாம் நம்பிப் பயன்கொள்கின்றோம். அந்நம்பிக்கை பெர்க்கிலி அறிஞர்தம் நம்பிக்கையை ஒத்ததே. அதனை எங்ஙனம் காப்பது? ஏட்டில் இடைச்செருகல் உண்டென்று அறிந்த நம் முன்னோர் ஏடுகளைப் பூட்டி வைத்தாரல்லர். பல படிகளைத் தொகுத்தனர், ஒப்பிட்டனர், வேறுபாடுகளை அடிக்குறிப்பில் காட்டினர். அச்சம் நூலகத்தை மூடச் செய்யும். ஐயம் நூலைச் செப்பஞ் செய்யும். 75 சென்ட் குறைந்தபோது அஃதென்ன சிறுதொகை என்று விடாது கணக்கை மீண்டும் எடுத்துப் பார்த்த அவ்வறிஞரின் செயல், ஐயத்தின்பாற்பட்டதே. அவ்வழக்கம் நம்மிடையேயும் நிலவுமாயின், கதவுகளைத் திறந்தே வைத்திருத்தல் இயலும்.